மருந்துக்கு யார் வரிசையில் நிற்கிறார்கள்?

எங்கள் ஞாயிறு படிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஒரு மாணவர் எழுந்து, "அண்ணா, நம்ம காலனிக்கு ஒரு மறுவாழ்வு மையம் கட்டித் தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவருடைய தாய்மாமன் குடியிலிருந்து மீள வேண்டும் என்று குடும்பம் அவரை இரண்டு முறை தனியார் மையம் ஒன்றில் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மாதம். கட்டணத்துக்காகக் கம்மல் அடகுக்குப் போனது. மாமாவின் கூலியும் அந்த மாதம் முழுக்க நின்றது. வெளியே வந்த மூன்றாவது வாரமே மீண்டும் கடை வாசல். "இந்தத் தடவை அடகு வைக்க அம்மாகிட்ட எதுவும் இல்லண்ணா" என்றார்.

அன்று எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. மையம் வேண்டுமா என்பதற்கு முன்னால் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவரை வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் பிரித்து அடைத்து வைக்காமல், ஓ.பி. சீட்டு வாங்கி வந்துபோகும் புறநோயாளியாகவே போதையிலிருந்து மீட்க முடியுமா? முடியும் என்றால், அந்த வழி ஏன் நம் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கர்களும் வாழ்ந்த தெருக்களில் நடந்தது. 1972-ல் பம்பாயில் உருவான தலித் பாந்தர்கள் தங்கள் பெயரை எந்தக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்களோ, அவர்களும் அதில் வருகிறார்கள். அவர்கள் எங்கே சரியாக இருந்தார்கள், எங்கே தவறினார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

நோயாளி எப்போது குற்றவாளி ஆனார்?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அபினிப் பொருள்களுக்கு அடிமையானவர் என்றால் பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண்தான். மருத்துவரே மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். அபினி கலந்த பாட்டில் மருந்துகள் கடைகளில் கிடைத்தன. அவர்களை யாரும் சிறையில் போடவில்லை. நரம்புத் தளர்ச்சி, உடல்நலக் குறைவு என்று பேசினார்கள்.

அதே அபினியைச் சீனத் தொழிலாளி புகைத்தபோது கதை மாறியது. 1875-லேயே சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் அபினிக் கூடங்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. மார்ஃபின் ஊசிக்கு அல்ல, சீனர் புகைக்கும் குழாய்க்குத்தான் அந்தத் தடை. 1914 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், கொக்கைன் பயன்படுத்தும் தென்மாநிலக் கறுப்பர்களைப் புதிய பேராபத்தாகச் சித்திரித்து ஒரு மருத்துவரின் கட்டுரையை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஹாரிசன் சட்டம் வந்தது. பொருள் ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் குற்றமாகவும் மாறியது. சாதி அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

ஹாரிசன் சட்டம் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு வரிச் சட்டம். ஆனால் 1919-ல் வெப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதன் கூர்முனையைக் காட்டியது. ஒருவர் தன் பழக்கத்தோடு வதையில்லாமல் வாழ்வதற்காக மருத்துவர் தொடர்ந்து மருந்து எழுதிக் கொடுத்தால் அது மருத்துவம் ஆகாது என்றது நீதிமன்றம். எழுதிக் கொடுத்த மருத்துவர்கள் வழக்குகளைச் சந்தித்தார்கள். அந்தக் காலத்தில் பல நகரங்களில் நகராட்சியே கிளினிக் நடத்தி, அடிமையானவர்களுக்கு அளவோடு மருந்து கொடுத்துவந்தது. இன்றைய சொல்லில் அவை புறநோயாளி கிளினிக்குகள். 1920-களின் தொடக்கத்துக்குள் கூட்டாட்சி அரசு அவை அனைத்தையும் மூட வைத்தது.

அதன் பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு ஏழைகளுக்கு இருந்த வழி சிறை. இல்லாவிட்டால், 1935-ல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் திறக்கப்பட்ட கூட்டாட்சி நிறுவனம். அது பாதி மருத்துவமனை, பாதி சிறை. தண்டனைக் கைதிகளும் தாமாக வந்த நோயாளிகளும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். மாதக்கணக்கில் வைத்து, உடலிலிருந்து போதையை நீக்கி, ரயிலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் பழைய தெருவுக்குத் திரும்பியதும் பழைய பழக்கத்துக்கே திரும்பினார்கள். அடைத்து வைத்துச் சுத்தப்படுத்தி அனுப்பினால் போதும் என்ற நம்பிக்கை எவ்வளவு பழையதோ, அதன் தோல்வியும் அவ்வளவு பழையது.

22 பேரும் ஒரு குவளைப் பழச்சாறும்

லெக்சிங்டனில் பணியாற்றி அந்தத் தோல்வியை நேரில் கண்ட ஒரு மனநல மருத்துவர் மேரி நிஸ்வாண்டர். போதைக்கு அடிமையானவரைக் குற்றவாளியாக அல்ல, நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று 1956-லேயே புத்தகம் எழுதியவர். பின்னர் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் ஏழைகளிடையே வேலை செய்தார். 1964-ல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்ற ஆய்வாளரோடும், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் மருத்துவரோடும் சேர்ந்து அவர் தொடங்கிய ஆய்வுதான் இந்தத் துறையையே மாற்றியது.

அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்து மெத்தடோன். 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் வலி நிவாரணியாக உருவாக்கப்பட்டது. அது வேலை செய்யும் விதத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடல் வலி, வாந்தி, நடுக்கம், தாங்க முடியாத தேட்டம். அடுத்த ஊசிக்குப் பணம் தேடியே நாள் முடிந்துவிடும். மெத்தடோன் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. வாய்வழி ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கம் வராது. வதையும் வராது. மேலே ஹெராயின் போட்டாலும் கிறக்கம் பெரிதாகத் தெரியாது. பழச்சாற்றில் கலந்து கொடுத்தார்கள்.

1965-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களது கட்டுரை வந்தது. முதலில் ஆறு வாரம் போல மருத்துவமனையில் வைத்து அளவைச் சரிசெய்தார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பி, புறநோயாளிகளாக வந்து மருந்து எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. வேலை தேட, படிப்பைத் தொடர, குடும்பத்தோடு மீண்டும் சேர உதவி இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஊசியைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாமல் இருந்தவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போகத் தொடங்கினார்கள்.

இதில் இரண்டு பகுதிகள் இருந்தன என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மருந்து. மற்றொன்று வேலை, படிப்பு, வீடு, மரியாதை. பின்னால் வந்த அரசு முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

சவுத் பிராங்க்ஸின் ஆறாவது மாடி

1960-களின் கடைசியில் ஹெராயின் ஹார்லெமையும் சவுத் பிராங்க்ஸையும் தின்றுகொண்டிருந்தது. சவுத் பிராங்க்ஸ் மக்களுக்கு இருந்த மருத்துவமனை லிங்கன். 1839-ல், முதுமையடைந்த ஏழைக் கறுப்பர்களுக்கான இல்லமாகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொடர்ச்சி அது. 1970-ல் அந்தப் பழைய கட்டடத்தை மக்கள் "கசாப்புக் கடை" என்றுதான் அழைத்தார்கள்.

1970 ஜூலை 14 அன்று போர்ட்டோ ரிக்க இளைஞர் அமைப்பான யங் லார்ட்ஸ் அந்த மருத்துவமனையை ஒரு நாள் கைப்பற்றி, மக்களுக்கான மருத்துவம் வேண்டும் என்று கோரிக்கை வைத்தது. நகர நிர்வாகம் வாக்குறுதி கொடுத்தது, செய்யவில்லை. நவம்பர் 10 அன்று யங் லார்ட்ஸ் தோழர்களும், மருத்துவமனை ஊழியர் அமைப்பினரும், போதையிலிருந்து மீண்டவர்களும் சேர்ந்து செவிலியர் விடுதியின் ஆறாவது மாடியைப் பிடித்தார்கள். கோரிக்கை மனுவோடு காத்திருக்கவில்லை. அங்கேயே சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் லிங்கன் டீடாக்ஸ். கருஞ்சிறுத்தைகள் கட்சியிலும் யங் லார்ட்ஸிலும் வேலை செய்த கிளியோ சில்வர்ஸ் போன்ற மருத்துவப் பணியாளர்கள் இந்தப் போராட்டங்களின் முன்வரிசையில் இருந்தார்கள்.

தெருவிலிருந்து நேராக வரலாம். குறைந்த நாள்களுக்கு, அளவைக் குறைத்துக்கொண்டே போகும் மெத்தடோன் கொடுத்து ஹெராயினை விடுவிப்பார்கள். அருகில் இருந்து பேசுபவர் பெரும்பாலும் அதே தெருக்காரர், அதே பழக்கத்திலிருந்து மீண்டவர். அதோடு அரசியல் வகுப்பு. இந்தப் போதை எப்படி என் தெருவுக்கு வந்தது, இதில் யார் சம்பாதிக்கிறார்கள், போலீஸ் ஏன் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறது என்ற கேள்விகள் சிகிச்சையின் பகுதியாகவே பேசப்பட்டன.

கருஞ்சிறுத்தைகளில் மைக்கேல் டேபர் என்பவர் இருந்தார். சிறுவயதில் ஹெராயினுக்கு அடிமையாகி மீண்டவர். நியூயார்க் பாந்தர் 21 வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர். முதலாளித்துவமும் போதையும் சேர்ந்தால் அது இனப்படுகொலை என்ற பொருளில் அவர் எழுதிய சிறுநூல் அந்த இளைஞர்களின் பாடப்புத்தகம் ஆனது. அரசின் மறுவாழ்வுத் திட்டங்கள் நோயின் வேரைத் தொடாது, மக்களே தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம்.

மெத்தடோன் மீதான சந்தேகம் அங்கிருந்து வளர்ந்தது. ஹெராயினுக்குப் பதில் அரசே கொடுக்கும் விலங்கு இது, கறுப்பரை மந்தப்படுத்தி வைக்கும் வழி இது என்றார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் இருப்பது தெரிந்தும் சிகிச்சை தராமல், 1932 முதல் 40 ஆண்டுகள் அரசு வேடிக்கை பார்த்தது 1972-ல்தான் வெளியே வந்தது. அப்படிப்பட்ட அரசு கொடுக்கும் குவளையை எப்படி நம்புவது?

அவர்கள் மாற்று தேடினார்கள். காதில் ஊசி குத்தினால் அபினி விலகல் வதை குறைவதாக 1973-ல் ஹாங்காங் மருத்துவர் எச்.எல். வென் எழுதியது அவர்களை ஈர்த்தது. முட்டுலு ஷகூர் உள்ளிட்டோர் அக்குபங்சர் கற்று, லிங்கன் டீடாக்ஸை அதன் மையமாக்கினார்கள். 1978 நவம்பரில் மேயர் எட் காச் காலத்தில் காவல்துறை வந்து அந்த நிர்வாகத்தை வெளியேற்றியது. ஊசி முறை பிழைத்தது, நாடு முழுக்கப் பரவியது. அரசியல் வகுப்பு பிழைக்கவில்லை.

எங்கே தவறினார்கள்?

நம் முன்னோடிகள் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டு விஷயங்களைக் காட்டின.

முதலாவது, காது அக்குபங்சர் வந்தவரை ஆற்றுப்படுத்தியிருக்கலாம். ஆனால் கொக்கைன் அடிமைப் பழக்கத்தில் அது பலன் தருகிறதா என்று பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மற்றச் சிகிச்சைகளைவிட மேலான பலன் தெரியவில்லை.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. ஓபியாய்டு பழக்கத்தைச் சில நாள்களில் நிறுத்தி வெளியே அனுப்புவது மட்டும் போதாது. அது ஆபத்தும்கூட. பழக்கம் நின்றதும் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் அடைப்பு மையங்களிலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில் மரணங்கள் அதிகமாக இருப்பது இதனால்தான். மாறாக, மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களிடையே மரண விகிதம் பாதிக்கும் கீழே குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவரை நாம் இன்சுலினுக்கு அடிமை என்று சொல்வதில்லை.

அப்படியானால் அந்த இளைஞர்களின் கோபம் முழுக்கத் தவறா? இல்லை. விலங்கு இருந்தது உண்மை. அது மருந்துக்குள் இல்லை, மருந்தைக் கொடுத்த முறையில் இருந்தது.

ஒரே நோய்க்கு இரண்டு வாசல்

1971 ஜூனில் அதிபர் நிக்சன் போதையை முதல் எதிரி என்று அறிவித்தார். ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் வைத்து மெத்தடோன் கிளினிக்குகளை நாடெங்கும் விரிவாக்கினார். ஆனால் நோக்கம் நோயாளியின் வாழ்க்கையைவிட, தெருக் குற்றங்களைக் குறைப்பதாக இருந்தது. 1972-ல் வந்த விதிகளும் 1974-ல் வந்த சட்டமும் மெத்தடோனைச் சாதாரண மருத்துவத்திலிருந்து பிரித்து, தனி உரிமம் பெற்ற கிளினிக்குகளுக்குள் பூட்டின. தினமும் வர வேண்டும். கண்ணாடி ஜன்னல் முன்னால் நின்று, செவிலியர் பார்க்கக் குடிக்க வேண்டும். அழைத்தபோது, ஒருவர் கண்முன் சிறுநீர் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் நேரம், பிள்ளையைப் பள்ளியில் விடும் நேரம், எல்லாம் கிளினிக் ஜன்னலைச் சுற்றியே. டோலும் நிஸ்வாண்டரும் கொடுத்த வேலை உதவியும் படிப்பு உதவியும் பல இடங்களில் காணாமல் போயின. குவளையும் வரிசையும் மட்டும் மிஞ்சின.

1973-ல் நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் கொண்டுவந்த சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஹெராயின் விற்றாலே குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள்வரை என்றது. திருட்டாலும் பயத்தாலும் களைத்துப்போன ஹார்லெம் மக்களிலேயே சிலர் கடும் சட்டம் கேட்டார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. நம் காலனித் தாய்மார்களும் "போலீஸ் பிடிச்சிட்டுப் போனா நல்லது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வேறு எதுவும் கொடுக்கப்படாதவர்கள் கொடுக்கப்படுவதைத்தான் கேட்பார்கள். 1986-ல் இன்னொரு சட்டம். கறுப்பர் தெருக்களில் விற்ற கிராக் 5 கிராமுக்கும், வெள்ளையர் பயன்படுத்திய கொக்கைன் தூள் 500 கிராமுக்கும் ஒரே தண்டனை, குறைந்தது 5 ஆண்டுகள். 100-க்கு 1 என்ற அந்த விகிதம் 2010 வரை நீடித்தது.

பிறகு 1990-களின் இறுதியில் வலி மாத்திரைகள் வழியாகப் பழக்கம் வெள்ளையர் புறநகர்களுக்குப் போனது. உடனே புதிய வாசல் திறந்தது. நாடாளுமன்ற விவாதங்களில், நகர்ப்புற மெத்தடோன் கிளினிக் முறை புறநகரில் உருவாகிவரும் நோயாளிகளுக்குப் பொருந்தாது என்று வாதிடப்பட்டது. 2000-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2002-ல் புப்ரெனார்ஃபின் அனுமதி பெற்றது. எட்டு மணி நேரப் பயிற்சி பெற்ற எந்த மருத்துவரும் தன் அறையிலேயே சீட்டு எழுத அன்று முடிந்தது. நோயாளி மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். வரிசையும் இல்லை, ஜன்னலும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதும் இல்லை.

நல்ல மாற்றம்தான். யாருக்கு என்பதுதான் கேள்வி. 2012 முதல் 2015 வரையிலான மருத்துவர் சந்திப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு சந்திப்பில் புப்ரெனார்ஃபின் பெறும் வாய்ப்பு கறுப்பின நோயாளிகளுக்கு 77 விழுக்காடு குறைவாக இருந்தது. பலர் கைப்பணம் கொடுத்தே அந்தச் சிகிச்சையை வாங்கினார்கள். ஹெலனா ஹேன்சன், ஜூலி நெதர்லாண்ட் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரே நோய்க்கு ஒரு நிறத்தாருக்குத் தினசரி வரிசை, மற்றொரு நிறத்தாருக்கு மருந்துச் சீட்டு.

வரிசை மருத்துவத் தேவையா என்ற கேள்விக்கு 2020-ல் கொரோனா பதில் சொன்னது. கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக, நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு 28 நாள் மெத்தடோனை வீட்டுக்கே கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்தது. அஞ்சியபடி பேரழிவு நடக்கவில்லை. 2024-ல் அதை நிரந்தர விதியாக்கினார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகளாக மக்கள் விடியலில் நின்ற வரிசையில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்று இதற்குப் பொருள்.

நம் ஊர் வாசல்

இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு ஒரு செய்தியைச் சொல்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர். எத்தனை கட்டடம் கட்டினாலும், எல்லோரையும் ஒரு மாதம் படுக்கையில் வைத்துத் தீர்க்கக் கூடிய பிரச்சினை இது இல்லை. பெரும்பாலோருக்குத் தேவை ஓ.பி.தான்.

ஹெராயின் போன்றவற்றுக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்து மையங்களில் புப்ரெனார்ஃபின் கொடுக்கப்படுகிறது. அங்கும் நெடுங்காலம் தினமும் வந்து பணியாளர் முன்னால் எடுத்துக்கொள்ளும் முறைதான் இருந்தது. நாட்டிலேயே தலித் மக்கள் விகிதம் அதிகமுள்ள பஞ்சாபில் அரசு தனியாகப் புறநோயாளி ஓபியாய்டு சிகிச்சை மையங்களைத் திறந்திருக்கிறது. அங்கே கூலித் தொழிலாளி வேலை நாளை இழக்காமல் மருந்து வாங்க முடிகிறதா என்பதை நம் மாணவர்கள் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

குடிக்குப் புறநோயாளி சிகிச்சை எப்படி இருக்கும்? முதலில் ஒரு எச்சரிக்கை. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு வலிப்பு வந்தவர், கடும் நடுக்கம் உள்ளவர், வேறு பெரிய நோய் உள்ளவர் ஆகியோரைச் சில நாள்கள் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இந்த இடத்தில் படுக்கை கட்டாயம் தேவை. அடைப்பு மையத்தில் கட்டிப்போட்டு நிறுத்துவது மருத்துவம் அல்ல. மற்றவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலிருந்தே நிறுத்த முடியும். அதன் பிறகு தேட்டத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. வாரம் ஒரு முறை ஆலோசனை உண்டு. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது உண்டு. கட்டணமே இல்லாத ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உண்டு. மீண்டும் குடித்துவிட்டால் திட்டி வெளியே தள்ளாமல், ரத்த அழுத்தம் ஏறிய நோயாளியைப் போல மறுபடி மருந்தைச் சரிசெய்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

சட்டமும் கொஞ்சம் நம் பக்கம் இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதை தொடர்பான பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. 18-ஆவது பிரிவு அரசு நடத்தும் அல்லது நிதி தரும் சேவைகளில் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது, அதில் புறநோயாளி சேவையும் அடங்கும். 95-ஆவது பிரிவு யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவோடு பிடிபட்ட பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். நம் தெருப் பையன்கள் பிடிபடும்போது இந்தப் பிரிவை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சட்டம் இருப்பது வேறு, வாசலில் நடப்பது வேறு. எங்கள் தோழர் ஒருவரின் சித்தப்பாவை ஓர் அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு அழைத்துப் போனோம். சீட்டு எழுதியவர் முகவரியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், "இவங்களுக்கெல்லாம் எதுக்கு மருந்து? வெளிய போனா மறுபடி குடிக்கத்தானே போறான்" என்றார். சித்தப்பா சீட்டைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டார். சவுத் பிராங்க்ஸ் ஜன்னல் நமக்குத் தூரமில்லை என்று அன்று தோன்றியது. அடுத்த வாரம் அவரிடம் பேசி, இரண்டு பேர் துணைக்குப் போய், வேறு மருத்துவரைப் பார்த்தோம். அந்த மருத்துவர் "உக்காருங்கய்யா" என்றார். சித்தப்பா இன்றும் மாதம் ஒரு முறை போய்வருகிறார். இடையில் இரண்டு முறை தவறினார். ஆனாலும் போய்வருகிறார்.

எனவே அந்த மாணவருக்கு எங்கள் பதில் இதுதான், தம்பி. மனு கொடுப்போம். ஆனால் பூட்டிய கட்டடம் கேட்டு அல்ல. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள், வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரத்தில், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் ஓ.பி. பார்க்க வேண்டும். மருந்து அங்கேயே தடையில்லாமல் கிடைக்க வேண்டும். நிறுத்தும்போது ஆபத்துள்ளவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் படுக்கை வேண்டும். மீண்டவர்களில் இருவரையாவது ஊதியத்தோடு துணைப் பணியாளராக எடுக்க வேண்டும். லிங்கன் டீடாக்ஸ் தோழர்கள் சரியாகக் கண்டுகொண்டது இதைத்தான், பேச வேண்டியவர் அதே தெருக்காரர். அவர்கள் தவறவிட்டதை நாம் சேர்த்துக்கொள்வோம். மருந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், மரியாதையோடு தா என்று கேட்போம்.

மனுவின் முதல் பிரதியை வரும் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் வாசிப்போம். உன் மாமாவையும் அழைத்து வா. அவருக்கு எந்த நேரம், எந்த இடம் வசதிப்படும் என்பதை அவரே சொல்லட்டும்.